காசு யார் தருவது, கதவு யாருக்குத் திறப்பது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி உழவர்கரை நகராட்சியில் 3,00,104 பேர் வசித்தார்கள். பக்கத்துப் புதுச்சேரி நகராட்சியில் 2,44,377 பேர். தலைகளை எண்ணினால் யூனியன் பிரதேசத்தின் பெரிய நகராட்சி உழவர்கரைதான். ஆனால் பிரதேசத்தின் மையப் பொது நூலகமான ரோமன் ரோலண்ட் நூலகம் இருப்பது பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பாரதி பூங்கா பக்கம், பிரெஞ்சுக்காரர் காலத்து வெள்ளை நகரத்தில். ரெட்டியார்பாளையத்திலோ மூலக்குளத்திலோ இருக்கும் ஒரு பள்ளி மாணவி அங்கே போய்வர ஒரு மாலைப்பொழுதை ஒதுக்க வேண்டும்.

அந்த மாலைப்பொழுது யாருடைய செலவு என்று கேட்கத் தொடங்கினால் ஒரு நீண்ட வழக்குக்குள் போய்விடுவோம். பொது நூலகத்துக்கான பணத்தை யார் தர வேண்டும்? பணம் தருகிறவர் மாறினால் உள்ளே வருகிறவர்களும் மாறுகிறார்களா? உலகம் இதுவரை தந்த விடைகளைத் தனி வரி, அரசின் ஆண்டு ஒதுக்கீடு, ஊராரின் கூட்டு முயற்சியும் செல்வரின் கொடையும் என்று மூன்று கட்டுகளாகப் பிரிக்கலாம். நடைமுறையில் பெரும்பாலான இடங்களில் இவை கலந்தே இருக்கின்றன. எது கூடுதல், எது குறைவு என்பதில்தான் சண்டை.

அரைப் பென்னியில் தொடங்கிய வழக்கு

1827-இல் ஆளுநர் தெபாசின் தெ ரிஷ்மோன் புதுச்சேரியில் பொது நூலகத்தைத் தொடங்கியபோது ‘பொது’ என்ற சொல்லுக்கு இன்றைய பொருள் இல்லை. தொடக்கத்தில் அது ஐரோப்பியருக்கான இடம். மற்றவர்களுக்குப் பின்னரே கதவு திறந்தது. செலவு குடியேற்ற அரசின் கருவூலத்தைச் சேர்ந்தது. அந்தக் கருவூலத்துக்குப் போன நிலவரியில் உழவர்கரை, வில்லியனூர், பாகூர் வயல்களின் பங்கும் உண்டு. வரி கட்டியவருக்கும் வாசகருக்கும் இடையே இருந்த இடைவெளி நூலகத்தின் முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது.

‘எல்லாருக்கும் எல்லார் வரியிலும்’ என்ற எண்ணம் சட்டமாக முயன்றது 1850-இல், இங்கிலாந்தில். வில்லியம் எவார்ட் கொண்டுவந்த பொது நூலகச் சட்டம், பத்தாயிரம் பேருக்கு மேல் உள்ள நகரங்கள் ஒரு பவுண்டு வரிமதிப்புக்கு அரைப் பென்னி வரை வசூலிக்கலாம் என்றது. வரி கட்டுவோரின் வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். வசூலான பணத்தில் கட்டடம் கட்டலாம், ஆள் வைக்கலாம், புத்தகம் வாங்கக் கூடாது! புத்தகங்களைப் புண்ணியவான்கள் தருவார்கள் என்று நம்பினார்கள். ஏழைகள் படித்தால் கிளர்ச்சி வளரும் என்ற அச்சமும், ஒருவர் படிப்புக்கு இன்னொருவர் ஏன் வரி கட்ட வேண்டும் என்ற முணுமுணுப்பும் நாடாளுமன்றத்தில் ஒலித்தன. கர்னல் சிப்தார்ப் என்ற உறுப்பினர் தமக்குப் படிப்பதே பிடிக்காது என்று வெளிப்படையாகச் சொல்லி எதிர்த்தார். 1855-இல் வரம்பு ஒரு பென்னியாக உயர்ந்தது, புத்தகம் வாங்கவும் அனுமதி கிடைத்தது. வரி உச்சவரம்பு முற்றிலும் நீங்க 1919 ஆனது.

அன்று எழுந்த எதிர்வாதங்கள் இன்னும் ஓயவில்லை. கிளர்ச்சி பற்றிய அச்சம் போய்விட்டது. ‘எல்லாம் கைப்பேசியில் இருக்கிறதே’ என்ற வாதம் அந்த இடத்துக்கு வந்திருக்கிறது.

முதல் விடை: ரூபாய்க்கு இத்தனை காசு

தனி வரி என்ற விடையை இந்தியாவில் விடாப்பிடியாக முன்வைத்தவர் சீர்காழியில் பிறந்த சீ.இரா. அரங்கநாதன். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் அமைவதில் பங்குகொண்டு, 1930-இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்ட வரைவை வைத்தார். 1933-இல் பஷீர் அகமது சயீது அதைச் சென்னைச் சட்டமன்றத்துக்குக் கொண்டு சென்றார், நிறைவேறவில்லை. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான் 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அதுவே.

சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. சொத்து வரியில் ரூபாய்க்கு 6 பை என்பது தொடக்க வீதம். அன்றைய கணக்கில் ரூபாய்க்கு 192 பை என்பதால், இது நூற்றுக்கு மூன்று பங்கைச் சற்றே தாண்டும். இன்று தமிழ்நாட்டில் அது ரூபாய்க்கு 10 காசு. 5,000 ரூபாய் சொத்து வரி கட்டும் வீட்டுக்காரர் 500 ரூபாயை நூலகத்துக்கும் கட்டுகிறார். நகராட்சி ரசீதில் அது தனி வரியாகவே இருக்கிறது, கூர்ந்து பார்க்கிறவர் குறைவு.

இந்த ஏற்பாட்டின் பலம் வெளிப்படையானது. நிதியமைச்சரின் மனநிலையை நம்பி இருக்க வேண்டியதில்லை. நகரம் வளர்ந்தால் வரவும் வளரும். கட்டுகிறவருக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. தமிழ்நாட்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள், மாவட்ட மைய நூலகம் முதல் ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் வரை பரவி நிற்பதற்கு இந்த வரி ஒரு முக்கியக் காரணம் என்று சொல்வது மிகையாகாது.

பலவீனங்கள் மூன்று. வரியை வசூலிப்பது உள்ளாட்சி, செலவிட வேண்டியது மாவட்ட நூலக ஆணைக்குழு. நடுவில் பணம் தங்கிவிடுகிறது. சென்னை மாநகராட்சி நூலக வரியை வசூலித்தும் உரிய நேரத்தில் தராமல் நிலுவை வைத்திருப்பதாகப் பல ஆண்டுகளாகச் செய்திகள் வருகின்றன. பெங்களூரு பற்றியும் இதே புகார் உண்டு. இரண்டாவது, சொத்து வரி அதிகம் உள்ள இடத்தில் நூலக வரி அதிகம். ஓட்டு வீடும் கூரை வீடும் நிறைந்த பகுதியில் சொற்பம். நூலகம் அதிகம் தேவைப்படும் இடத்துக்குக் குறைவாகப் பணம் சேரும் கோணல் இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது, மாநில அரசு நடுவில் நின்று நிரவினால் ஒழிய. மூன்றாவது, சம்பளமும் கட்டடமும் போக நூலுக்கு எஞ்சுவது எவ்வளவு என்பதைச் சட்டம் தானாகத் தீர்த்து வைப்பதில்லை.

எதன் மீது வரி போடுவது என்பதிலும் மாற்று வழிகள் உண்டு. கர்நாடகம் நிலம், கட்டட வரியோடு சேர்த்து வசூலிக்கிறது. கோவா 1993-இல் இயற்றிய சட்டம் மதுபானத்தின் மீது லிட்டருக்கு இவ்வளவு என்று ஒரு கூடுதல் தீர்வையை நூலகத்துக்கு ஒதுக்கியது. மது வரவுக்குப் பெயர்பெற்ற புதுச்சேரிக்கு இந்த முன்மாதிரி மிக அருகில் இருக்கிறது. குடிப்பவர் எண்ணிக்கையை நம்பிப் படிப்பவருக்கு வழி செய்யலாமா என்ற அறக்கேள்வி ஒருபுறம். மது விற்பனை குறைய வேண்டும் என்று விரும்பும் அரசு, அதே விற்பனையை நூலகத்தின் வரவாக வைக்கலாமா என்ற நடைமுறைக் கேள்வி மறுபுறம்.

இரண்டாம் விடை: கருவூலத்திலிருந்து

எல்லா மாநிலங்களும் வரிக்குத் துணியவில்லை. மகாராஷ்டிரம் 1967-இலும் மேற்கு வங்கம் 1979-இலும் நூலக வரி இல்லாமலே சட்டம் இயற்றின. மகாராஷ்டிரத்தில் தன்னார்வ நூலகங்களைத் தரம் பிரித்து அரசு மானியம் தருகிறது. தரம் உயர்ந்தால் மானியமும் உயரும். நடுவண் அரசு தன் பங்குக்கு 1972-இல் கொல்கத்தாவில் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையை நிறுவியது. மாநிலம் ஒரு பங்கு போட்டால் அதுவும் ஒரு பங்கு போடும் என்பதே அதன் முக்கியத் திட்டங்களின் அடிப்படை. போட முடியாத மாநிலத்துக்கு அந்தப் பங்கு கிடைக்காது என்பதும் அதற்குள் அடங்கியதுதான்.

அரசமைப்பில் நூலகம் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. எனவே நடுவண் அரசு துணை செய்யலாம், பொறுப்பை ஏற்காது. 1957-இல் அமைக்கப்பட்ட கே.பி. சின்கா தலைமையிலான ஆலோசனைக் குழு, சொத்து வரியோடு நூலக வரியும் அதற்கு ஈடான மாநிலப் பங்கும் வேண்டும் என்றது. இரண்டு விடைகளையும் சேர்த்துக் கட்ட முயன்ற பரிந்துரை அது.

புதுச்சேரியில் ரோமன் ரோலண்ட் நூலகமும் கிளை நூலகங்களும் அரசின் கலை பண்பாட்டுத் துறையின் கீழ் உள்ளன. துறையின் ஒதுக்கீடே ஆதாரம். ஏழைப் பகுதி, பணக்காரப் பகுதி என்று வரவு பிரிந்து கிடக்காததால் நினைத்தால் சமமாகப் பங்கிடலாம் என்பது இந்த முறையின் பெரிய வசதி. ‘நினைத்தால்’ என்ற சொல்தான் அதன் பெரிய பலவீனமும். மாநிலங்களைப் போல நிதி ஆணையத்தின் வரிப்பகிர்வில் புதுச்சேரிக்கு இடமில்லை. நடுவண் அரசின் மானியத்தை எதிர்பார்க்க வேண்டும். நெருக்கடி வந்தால் ஓய்வூதியமும் சம்பளமும் நிற்கக் கூடாது, மருந்து வாங்குவது நிற்கக் கூடாது. புத்தகம் வாங்குவதைத் தள்ளிப்போடலாம். யாரும் மறியல் செய்யப் போவதில்லை.

அரசின் விருப்பத்தை நம்பியிருப்பதன் இரு முகங்களையும் தமிழகம் பார்த்திருக்கிறது. 2010 செப்டம்பர் 15 அன்று சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. ஆட்சி மாறிய பிறகு, 2011 நவம்பரில் அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. உயர் நீதிமன்றத் தடைதான் நூலகத்தை அதே இடத்தில் நிறுத்தியது. 2023 ஜூலை 15 அன்று மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தபோது அந்தப் பழைய வழக்கு பலருக்கு நினைவில் வந்திருக்கும். பிரம்மாண்டமான நூலகங்கள் அரசின் கவனத்தைக் கவர்கின்றன. ஊர்ப்புற நூலகத்தின் ஒழுகும் கூரைக்கு அந்த அதிர்ஷ்டம் அமைவது அரிது.

மூன்றாம் விடை: ஊரும் கொடையும்

அரசை நம்பாமல் ஊரே நடத்தட்டும் என்பது மூன்றாவது கட்சி. பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் 1910-இல் தொடங்கிய நூலக இயக்கம் இதன் மிக அழகிய வடிவம். ஊர் மக்கள் ஒரு பங்கு திரட்டினால் மாவட்ட அமைப்பு ஒரு பங்கும் அரசு ஒரு பங்கும் தரும். கேட்காத ஊருக்குக் கட்டாயப்படுத்தி நூலகம் வைப்பதில்லை. ஆனால் கேட்கத் தெரியாத ஊர், திரட்ட முடியாத ஊர் என்ன செய்யும்? பரோடா முறையை ஆதரிப்பவர்கள் அதிகம் நின்று யோசிக்காத இடம் இது.

கேரளம் இன்னும் ஒரு படி போனது. பி.என். பணிக்கர் 1945-இல் அம்பலப்புழையில் சில பத்து நூலகங்களைக் கூட்டித் தொடங்கிய கிரந்தசாலை இயக்கம் மாநிலம் முழுதும் வேர்விட்டது. 1977-இல் அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்தது. 1989-இல் சட்டம் வந்தது. கட்டட வரியில் நூற்றுக்கு ஐந்து நூலக வரி, கல்வி ஒதுக்கீட்டிலிருந்து ஒரு பங்கு, நிர்வாகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நூலகக் குழு என்று மூன்று விடைகளும் ஒன்றாகக் கலந்தது கேரளத்தில்தான். தேர்தல் வந்த இடத்தில் கட்சியும் வந்துவிட்டது என்ற விமர்சனம் உண்டு. கட்சி சண்டையிடும் அளவுக்கு நூலகம் முக்கியமாக இருக்கிறதே என்று பதில் சொல்வோரும் உண்டு.

கொடையின் வரலாறு வேறொரு பாடம். ஆண்ட்ரூ கார்னெகியின் பணத்தில் ஆங்கிலம் பேசும் நாடுகளில் 2,509 நூலகங்கள் எழுந்தன. கட்டடம் அவருடையது, ஆண்டுதோறும் கட்டடச் செலவின் பத்தில் ஒரு பங்கை ஊர் வரியிலிருந்து தருவதாக உறுதி கொடுத்தால்தான் பணம். செங்கல்லுக்குக் கொடையாளி கிடைப்பார், மின்கட்டணத்துக்கும் நூலகர் சம்பளத்துக்கும் கிடைக்கமாட்டார் என்பதை அவர் அறிந்திருந்தார். சிங்கப்பூரில் லீ கொங் சியான் 1953-இல் 3,75,000 டாலர் தந்தபோது வைத்த நிபந்தனை இன்னும் கூர்மையானது: நூலகம் கட்டணமற்றதாக இருக்க வேண்டும், உள்நாட்டு மொழிகளை வளர்க்க வேண்டும். அதுவரை அங்கே இருந்தது ஆங்கிலம் படித்தவர்கள் சந்தா கட்டிப் பயன்படுத்திய ராஃபிள்ஸ் நூலகம். 1960-இல் திறந்த தேசிய நூலகத்தில் தமிழ் நூல்களுக்கும் இடம் கிடைத்ததில் அந்த நிபந்தனைக்குப் பங்குண்டு.

தமிழ்நாட்டில் கொடைக்கு எளிய வடிவம் ‘புரவலர்’ திட்டம். ஆயிரம் ரூபாய் தந்து யாரும் கிளை நூலகத்தின் புரவலராகலாம். வாசகர் வட்டம் உயிரோடு உள்ள ஊரில் புரவலர் பட்டியல் நீளும். இல்லாத ஊரில் பலகை காலியாகவே தொங்கும்.

கட்டணம் இல்லை என்றால் கதவு திறந்ததா?

யுனெஸ்கோ 1949-இல் வெளியிட்டு 1994-இலும் 2022-இலும் திருத்திய பொது நூலக அறிக்கை, நூலகம் கொள்கையளவில் கட்டணமற்றது என்கிறது. பிரான்ஸ் நீண்ட காலம் தனி நூலகச் சட்டம் இல்லாமலே ஓட்டியது. 2021 டிசம்பர் 21 அன்று வந்த முதல் சட்டம், உள்ளாட்சி நூலகத்தில் நுழைவதும் அங்கேயே அமர்ந்து படிப்பதும் கட்டணமற்றவை என்று உறுதிசெய்தது. வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கட்டணம் வைப்பதைத் தடுக்கவில்லை. புதுச்சேரியின் பழைய ஆட்சியாளர்களின் நாடே இந்த இடத்துக்கு வந்துசேர இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

இந்திய நூலகங்களில் கட்டணம் பெரிய தடையாகத் தெரியாது; தொகை சிறியது. தடை வேறு இடத்தில் இருக்கிறது. உறுப்பினர் படிவம், காப்புத்தொகை, முகவரிச் சான்று, சில இடங்களில் அரசு ஊழியர் ஒருவரின் பிணைக் கையெழுத்து. வாடகை வீட்டில் இருக்கும் கட்டடத் தொழிலாளியின் மகனுக்கு அந்தக் கையெழுத்தை யார் போடுவார்? புத்தகம் தொலைந்தால் நூலகர் தம் சம்பளத்திலிருந்து கட்ட நேரிடும் என்ற பயமும் இதன் பின்னால் உண்டு. பயந்த நூலகர் புத்தகத்தைக் காப்பாற்றுவார், வாசகரை இழப்பார். சிகாகோ பொது நூலகம் 2019-இல் தாமதக் கட்டணத்தையே நீக்கியது. அபராதம் ஏழை வட்டாரங்களின் வாசகரையே அதிகம் விரட்டுகிறது என்பது அதற்குச் சொன்ன காரணம். இந்தியாவில் ஃப்ரீ லைப்ரரீஸ் நெட்வொர்க் என்ற கூட்டமைப்பு காப்புத்தொகையும் கட்டணமும் இல்லாத நூலகங்களுக்காக வாதிடுகிறது.

பொதுப்பணத்தில் நடப்பதாலேயே கதவு பொதுவாகிவிடாது என்பதற்கு 1961 மார்ச் 27 சாட்சி. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஜாக்சன் நகரின் பொது நூலகத்தில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்து படித்ததற்காகக் கைது செய்யப்பட்டார்கள். அவர்களின் குடும்பங்களும் வரி கட்டியவர்கள்தாம்.

இங்கே யாரும் கைது செய்யப்படுவதில்லை. தடைகள் சத்தமில்லாதவை. ஒரு கிளை நூலகத்தின் நாளைக் கவனித்தால் போதும். காலையில் நாளிதழ் மேசையைச் சுற்றி ஓய்வுபெற்ற ஆண்கள். பகலில் போட்டித்தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள். புத்தகத்தை அவர்களே கொண்டுவருகிறார்கள், வேண்டியது நாற்காலி, மின்விசிறி, சார்ஜ் போட ஒரு பிளக். பள்ளி விட்டதும் சில பிள்ளைகள். பெண்கள் பெரும்பாலும் வாசிப்பறையில் உட்காருவதில்லை; கழிப்பறை இல்லாத அல்லது பூட்டிக் கிடக்கும் கட்டடத்தில் எவ்வளவு நேரம் உட்கார முடியும்? வேலைக்குப் போகிறவர் திரும்பும் நேரத்தில் ஷட்டர் இறங்கியிருக்கும். நூலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதும் கிராமங்களில் சாதாரண விஷயமில்லை.

பார்வையற்றோர் நிலை தனி. அச்சைப் படிக்க முடியாதோருக்காக நூல்களை மாற்று வடிவில் ஆக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கைக்கு 2014-இல் முதலில் ஒப்புதல் தந்த நாடு இந்தியா. அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு உண்டு. உரிமை டெல்லியில் ஏற்கப்பட்டது, வசதி சென்னையில் அமைந்தது; வார்டு நூலகத்தின் வாசற்படி பழைய உயரத்திலேயே நிற்கிறது.

மொழியும் ஒரு வாசற்படியே. தமிழ், மலையாளம், தெலுங்கு, பிரெஞ்சு நான்கும் வழங்கும் பிரதேசத்தில் காரைக்காலுக்கும் மாஹேவுக்கும் ஏனாமுக்கும் ஒரே பட்டியலில் நூல் வாங்க முடியாது.

உழவர்கரையில் வைத்துப் பார்த்தால்

1880-இல் பிரெஞ்சு ஆணையால் கொம்யூன்கள் அமைந்தபோது உழவர்கரையும் ஒன்றானது. அதற்கென ஒரு மேர், ஒரு மன்றம். இன்று லாஸ்பேட்டை, தட்டாஞ்சாவடி, கதிர்காமம், ரெட்டியார்பாளையம், காலாப்பட்டு எனப் பரந்து கிடக்கிறது நகராட்சி. காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் ஆனந்தரங்கப் பிள்ளை நூலகம் இருக்கிறது. நகரத்துக்குள் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நூலகமும் உண்டு. புதுச்சேரியில் நூலுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் பெரும்பகுதி ஆய்வாளருக்கும் மாணவருக்கும் உரியது; தையல் கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அவை இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

மூன்று விடைகளில் எது இங்கே பொருந்தும்? நூலக வரி என்றால் அதை விதிக்கவும் கணக்குக் கேட்கவும் மன்றம் வேண்டும். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை, 2006-இல் நடந்தது, அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது. பிரதிநிதி இல்லாமல் அதிகாரி வசூலிக்கும் வரி, அரங்கநாதன் எண்ணிய வரி ஆகாது. துறை ஒதுக்கீடே தொடர்வதானால் வார்டு வாரியாக எவ்வளவு செலவாகிறது, தலைக்கு எத்தனை நூல், எத்தனை மணிநேரம் கதவு திறந்திருந்தது என்ற கணக்கு ஆண்டுதோறும் பொதுவில் வர வேண்டும். ஊர் முயற்சி என்றால் பரோடாவின் மூன்று பங்கு முறையைத் திருத்தி, வசதியற்ற பகுதிக்கு அரசின் பங்கைக் கூட்ட வேண்டும்.

எஞ்சி நிற்பவை

இதுவரையிலான அனுபவத்திலிருந்து சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். சட்டத்தால் காக்கப்பட்ட வரவு, ஆண்டுதோறும் கெஞ்சிப் பெறும் ஒதுக்கீட்டைவிட நீண்ட காலம் நூலகங்களைத் தாங்கியிருக்கிறது. அந்த வரவு ஏழைப் பகுதிக்குத் தானாகப் பாய்வதில்லை. மேலிருந்து நிரவல் வேண்டும். கொடை தொடங்கி வைக்கும், தொடர்ந்து நடத்தாது. வரவு எந்த வழியில் வந்தாலும், வாசகர் புகார் சொல்ல ஓர் அமைப்பு இல்லாத இடத்தில் சமவாய்ப்பு முதலில் அடிபடுகிறது.

தீராதவையும் உள்ளன. சமம் என்பதை எதைக் கொண்டு அளப்பது: தலைக்குச் செலவையா, வீட்டிலிருந்து உள்ள தூரத்தையா, உள்ளே வந்தவர் யார் என்பதையா? மின்னூல் வந்தால் கிளை நூலகம் தேவையில்லை என்போரிடம், அமைதியான ஒரு மேசை இல்லாத ஒற்றை அறை வீடுகளைப் பற்றி இன்னும் திருப்தியான பதில் இல்லை. தேர்வுக்குப் படிப்பவர்களால் நிறையும் நூலகம் தன் வேலையைச் செய்கிறதா, தன் அடையாளத்தை இழக்கிறதா என்பதிலும் நூலகர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

உழவர்கரையைப் பொறுத்தவரை விவாதத்துக்கு முன்பு வேண்டியவை இரண்டு: வார்டு வாரியான நூலகக் கணக்கு ஒன்று, அதைக் கேட்டு வாங்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மன்றம். கணக்கைக் கலை பண்பாட்டுத் துறை நினைத்தால் இந்த ஆண்டே வெளியிடலாம். மன்றத்துக்குத் தேர்தல் நடந்தாக வேண்டும்.